உம்மா ஏறாத விமானம்

பிரியமான ரஹீமாவுக்கு,

'பிரியமான' என்று உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தவரை நான் அனுப்பியதெல்லாம் இரண்டு சொல், மூன்று சொல் குறுஞ்செய்திகள். செத்துப்போனவர்கள் கடிதம் படிப்பதில்லை என்பது என் கட்சி. அது இன்னும் மாறவில்லை. 'அப்புறம் யாருக்குத்தான் லா எழுதுற?' என்று நம்மூர் 'லா' சேர்த்து நீ கேட்டிருப்பாய். தெரியவில்லை. ஒரு விஷயத்தில் என்ன செய்வதென்று எனக்குப் புரியாமல் கிடக்கிறது. உன் உம்மாவைப் பற்றியது. உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

காலையில் உன் வீட்டுக்காரர் இக்பால் அண்ணன் அழைத்தபோது, இங்கே சிங்கப்பூரில் டோபி காட் பக்கம் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் நான் அப்போதுதான் கணினியைத் திறந்திருந்தேன். சென்னையில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டுச் சற்றுப் படுக்கிறேன் என்று போனவள் எழுந்திருக்கவில்லை என்றார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். அவர் குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"உம்மாகிட்ட இத போன்ல சொல்ல என்னால முடியலம்மா. நீ நேர்ல போய்ச் சொல்றியா?" என்றார். பிறகு, "பெரியவங்க லுஹருக்கு அப்புறம் அடக்கம் பண்ணிடலாம்ங்கறாங்க. உம்மா கிளம்பி வர்றாங்கன்னா மஃரிப் வரைக்கும் நிறுத்திவைக்கிறோம். அதுக்கு மேல முடியாது. எந்த ஃப்ளைட்டு தோதுப்படும்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நண்பகல் தொழுகைக்குப் பிறகா, அந்தித் தொழுகைக்குப் பிறகா? உன் முகத்தை உம்மா பார்ப்பதும் பார்க்காததும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

நம்மவர்கள் வீட்டில் ஒரு சாவு என்றால், எப்படிப் போனார் என்று கேட்பதற்கு முன்பே, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், எப்போது வந்து சேர்வார்கள் என்றுதானே கேட்கிறார்கள். எங்கள் வீடுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் வரும்வரை காத்திருப்போம். லண்டன் என்றாலும் காத்திருப்போம். உங்கள் வீடுகளில் அப்படிக் காக்க வைப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் மண்ணுக்குள் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நீயே ஒருமுறை எனக்கு விளக்கியிருக்கிறாய். அப்போது அது எனக்குச் சுகாதார ஏற்பாடாகத்தான் பட்டது.

ஈசூனில் இருக்கும் உம்மா வீட்டுக்கு ரயிலில்தான் போனேன். டாக்சியில் ஏறியிருந்தால் ஓட்டுநர் ஏதாவது பேசுவார், பதில் சொல்ல வேண்டியிருக்கும். உட்கார இடம் கிடைத்தது. கைப்பேசியில் சிங்கப்பூர், சென்னை என்று தட்டியதும் ஒரு பக்கம் வந்தது. இரண்டு ஊருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். அதையே மைலிலும் கடல்மைலிலும் போட்டிருந்தார்கள். பயண நேரம் நான்கு மணி. சென்னை நம்மைவிட இரண்டரை மணி பின்னால். போவதற்கு ஏற்ற மாதங்கள் எவையென்றுகூடச் சொல்லியிருந்தார்கள். உலக வரைபடத்தில் ஒரு கோடு மேல்நோக்கி லேசாக வளைந்து போனது. பல்கலைக்கழக விடுதியில் நீ ஒரு பூகோள உருண்டையில் நூலை வைத்து இழுத்துக் காட்டி, "பாரு, தாள்லதான் இது வளையும். நெசத்துல இதான் நேர்கோடு" என்று எனக்குப் பாடம் எடுத்தது நினைவுக்கு வந்தது. புள்ளியியல் படித்த எனக்கு அது தெரியாது என்பதில் உனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கல்யாணமாகிச் சென்னைக்குப் போன புதிதில் நீ சொல்வாய்: "பாசிர் ரிஸ்ல உன் வீட்லேர்ந்து நீ ஈசூனுக்கு வர்றதுக்குள்ள நான் பாதிக் கடலத் தாண்டிருவேன். நாலு மணி நேரம் பறக்குறேன், எறங்கிக் கடிகாரத்தப் பாத்தா ஒன்றரை மணி நேரந்தான் ஆயிருக்கு. மிச்சம் கையில."

"அந்த மிச்சத்த என்ன பண்ணப் போற?"

"உன்கூடப் போன்ல சண்டை போடுவேன் லாத்தா."

உன்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள் நான். அதிகாரம் பண்ணுகிறேன் என்று கேலிக்காக 'அக்கா' என்பதை உங்கள் வீட்டு வழக்கில் 'லாத்தா' என்று ஆரம்பித்தாய். கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

பிற்பகலில் ஒரு விமானம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உம்மா உடனே கிளம்ப வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இறங்கியதும் அண்ணன் வெளியே நிற்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் இருப்பார். முடியும். ஒரே ஒரு தடை: என்னால் கூடப் போக முடியாது. உம்மாவிடம் இந்திய வம்சாவளி அட்டை இருக்கிறது. என்னிடம் சிங்கப்பூர்க் கடப்பிதழ் மட்டும்தான். விசாவுக்கு விண்ணப்பித்தால் வந்து சேரச் சில நாளாவது ஆகும். நான்கு மணி நேரத்தில் இருக்கிற ஊருக்கு எனக்கு வழி இல்லை. கைப்பேசியில் வந்த அந்தப் பக்கத்தில் இதையெல்லாம் போட்டிருக்கவில்லை.

உம்மா கதவைத் திறந்தபோது கையில் ஈரம் இருந்தது. சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாம்மா வாசுகி. வேலைக்குப் போகல?"

"போயிட்டுத்தான் வர்றேன் உம்மா."

உம்மா என் முகத்தையே பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "ரஹீமாவா?" என்றார். நான் தலையசைத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை.

உம்மா சத்தம் போடவில்லை. "இன்னா லில்லாஹி" என்று சாவுச் செய்திக்குச் சொல்லும் வாசகத்தைத் தொடங்கியவர் அதை முடிக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்தார். எப்போது, எப்படி என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தொழுதுவிட்டுப் படுத்தாள் என்றதும் அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அடுத்து நான் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்கு வேறென்ன தெரியும்? "உம்மா, இப்ப கிளம்பினா போயிடலாம். நான் ஏர்போர்ட் வரைக்கும் வர்றேன். உள்ள அவங்க ஆளு வச்சுத் தள்ளிக்கிட்டுப் போவாங்க. அண்ணன் வெளிய நிப்பாரு. மஃரிப் வரைக்கும் வச்சிருக்கேன்னு சொல்லிட்டாரு."

உம்மா "மஃரிப் வரைக்கும் எதுல வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"ஐஸ் பொட்டியிலயா?"

"ஆமா உம்மா. அப்படித்தான் வைப்பாங்க."

"அவளுக்குக் குளிர் ஆகாதும்மா."

இறந்த உடம்புக்குக் குளிர் ஏது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. விரிவுரை மண்டபத்தில் ஒரு சால்வை, அதன் மேல் இன்னொரு சால்வை போட்டுக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த இடம் எனக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் நான் பேசியது வேறு. "உம்மா, இன்னைக்கு விட்டா இனிமே முகத்தப் பாக்க முடியாது. பின்னாடி ரொம்ப வருத்தப்படுவீங்க."

"படுவேன். அது என் பாடு" என்றார். "என் கண்ணு பாக்கணுங்கறதுக்காக எம் பிள்ளய சாயங்காலம் வரைக்கும் ஐஸ்ல போட்டு வைக்கணுமா? போன் போட்டுக் குடு. லுஹருக்கே அடக்கம் பண்ணச் சொல்றேன்."

போட்டுக் கொடுத்தேன். அண்ணன் அழுவது எனக்குக் கேட்டது. உம்மா அவரைத் தேற்றினார். முகத்தை வீடியோவில் காட்டுகிறேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். உம்மா, "வேணாம் தம்பி. போன்ல அவ மூஞ்சியப் பாத்தா அது பேசணும். இத்தன வருசம் பேசுன மூஞ்சி. பேசாததப் போன்ல காட்டாதீங்க" என்றார். பிறகு உன் மகள் ஷமீமாவைக் கூப்பிடச் சொன்னார். குளிப்பாட்டப் போகிறவர்களில் அவளும் இருந்தாள். "தண்ணிய வெதுவெதுன்னு வையிம்மா. கையை விட்டுப் பாத்துட்டு ஊத்து. மொத மொத ஒரு கொழந்தையக் குளிக்க வைக்கிற மாதிரி ஊத்து." அவ்வளவுதான் சொன்னார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதி கழுவிய மீனை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப் போனார். கதவைத் திறந்தவர் அதற்குள்ளே பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் போய் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பகலை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூடத்தில் கழித்தோம். எதிர் வீட்டு மலாய் அம்மா விஷயம் கேள்விப்பட்டு வந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார். கீழ்வீட்டுச் சீன அம்மா ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, உம்மாவின் தோளைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு ஓதத் தெரியாது. தேநீர் போட்டேன். பாத்திரம் கழுவினேன். விமானம் புறப்படும் நேரம் வந்தபோது எனக்குத் தெரிந்தது. உம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. "கெளம்பியிருக்கும்ல?" என்றார். "ஆமா உம்மா" என்றேன். நம் வானொலியில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்து, அங்கே லுஹர் முடிந்திருக்கும் நேரத்தில், "இப்ப வச்சிருப்பாங்க" என்றார். மண்ணுக்குள் என்பதை அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அணைத்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் ஈசூன் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, அந்த விமானம் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதே. என் சுபாவம் அது. குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே சென்னையில் இறங்கியிருந்தது. உம்மா போயிருந்தால் உன்னைப் பார்த்திருப்பார். சந்தேகமே இல்லை.

யாரிடமும் அதை நான் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் வரவில்லை. போன ஞாயிறு வரை.

உம்மாவும் நானும் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறோம். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விசா வாங்கிவிட்டேன். உன்னை அடக்கம் பண்ணிய கபர் அருகே நின்று ஸலாம் சொல்ல வேண்டும் என்று உம்மா கேட்டார். அண்ணன் ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார். ஷமீமாவுக்கு ஒரு துணி எடுக்க வேண்டும் என்றதால் ஞாயிறன்று உம்மாவைத் தேக்காச் சந்தைப் பக்கம் அழைத்துப் போனேன். கூட்டம் உனக்குத் தெரியும்தானே. சிராங்கூன் சாலையில் பாதி நடைபாதையைப் பூவும் காய்கறியும் பிடித்துக்கொள்கின்றன. உம்மா ஒரு கையில் கைத்தடி, மறு கையில் என் முழங்கை என்று நடந்து வந்தார். தோள்பையைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை.

உங்களுக்கு எப்போதும் துணி கொடுக்கும் அந்தக் கடைக்குத்தான் போனோம். கடைக்கார அம்மா உம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். கடைசி நேரத்தில் முகத்தைப் பார்க்க முடியவில்லையாமே என்று கேட்டார். உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவரே ஆறுதலாக, "மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க லாத்தா. போயிருந்தாலும் பாத்திருக்க மாட்டீங்க. மெட்ராஸ் ப்ளேன் என்னிக்கு லா நேரத்துக்குப் போயிருக்கு? போய் எறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். உம்மாவின் முகம் இறுகியது. எனக்குத் தெரிந்து இத்தனை வருஷத்தில் உம்மா யாரிடமும் கடுமையாகப் பேசி நான் பார்த்ததில்லை. "உனக்கு யாரு சொன்னா?" என்றார். கடைக்கார அம்மா திகைத்துப்போனார். விரித்துப் போட்டிருந்த பச்சைத் துணியை உம்மா மடித்து அவர் பக்கமாகத் தள்ளினார். "இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

சந்தைக் கோப்பிக் கடையில் ஒரு மேசை பிடித்து அவரை உட்கார வைத்தேன். நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கி வந்தேன். ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசுகி. அன்னிக்கு அந்த ப்ளேன் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சா?"

"எந்த ப்ளேன் உம்மா?"

"நான் ஏறாததுதான்."

"தெரியலையே உம்மா. பாத்துச் சொல்றேன்."

"நீயா?" என்றார். லேசாகச் சிரிப்பு வந்தது அவருக்கு. "ஒரு பஸ் வரலன்னாலே அது எங்க நிக்குதுன்னு போன்ல தேடுற ஆளு நீ. சரி, பாத்துச் சொல்லு."

அதற்கு மேல் கேட்கவில்லை. தே தாரிக்கில் சீனி கூடிப்போயிற்று என்றார். பாதியை வைத்துவிட்டார்.

அன்றைக்கே இக்பால் அண்ணனிடம் பேசினேன். அவர் யோசிக்கவே இல்லை. "லேட்டாப் போச்சுன்னு சொல்லிடும்மா. வயசான காலத்துல இது ஒண்ணு எதுக்கு? போயிருந்தா பாத்திருக்கலாமேன்னு நெனச்சு நெனச்சு உருகுவாங்க. ஒரு வார்த்த. யாருக்கு நஷ்டம்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நம்பிக்கை இருப்பவர்களே பொய் சொல்லச் சொல்லும்போது, எந்த நம்பிக்கையும் இல்லாத எனக்கு என்ன தயக்கம்? விமானம் தாமதம். இரண்டே சொல். உம்மா என்னைச் சந்தேகப்பட மாட்டார். நான் தகவலில் பொய் சொல்வேன் என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இந்த வாரம் முழுக்க அந்த இரண்டு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். அலுவலகத்தில் அறிக்கை எழுதும்போதும் அது குறுக்கே வருகிறது. நீ இருந்தால் என்ன சொல்வாய்? உம்மா விஷயத்தில் நீ என்னைவிட இளகியவள். சொல்லித் தொலை லாத்தா என்பாயா? இல்லை, எங்க உம்மாவ நீ என்ன நெனச்ச என்பாயா?

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தத் துணியை உம்மா தள்ளிய விதத்தை. ஆறுதல் சொன்னவள் மேல் எதற்கு அந்தக் கோபம்? போயிருந்தாலும் பார்த்திருக்க முடியாது என்று யாராவது சொல்வது நல்லதுதானே. பாரம் இறங்கும்தானே. நான் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் புரிய நாலைந்து நாள் பிடித்தது, ரஹீமா.

உன் உம்மாவிடம் அன்றைக்கு இருந்தது ஒன்றே ஒன்று. உன்னைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பது. அதை நீ குளிரில் கிடக்கக் கூடாது என்பதற்காக அவர் வேண்டாமென்றார். இனி உனக்கென்று அவர் செய்யக்கூடியது வேறு எதுவும் இல்லை. விமானம் தாமதம் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? பார்க்கவே முடியாமல் போயிருக்கும் என்றால், அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். கடைக்கார அம்மா தெரியாமல் அதைத்தான் பிடுங்கப் பார்த்தார். நான் தெரிந்தே பிடுங்குவதா?

உம்மா அந்த உடம்பைப் பற்றிச் சொன்னதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. உனக்குக் குளிர்ந்திருக்காது. ஆனால் உம்மா கொடுத்தது நிஜம். அதற்கு நான் சாட்சி. அன்றைக்கு அந்த வீட்டில் பகல் முழுக்க இருந்தவள் நான் மட்டும்தான்.

அதனால் இதை உனக்குச் சொல்லிவைக்கிறேன். செத்தவளுக்குத் தபால் இல்லை, இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன். உம்மா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அச்சில் வந்து அவர் கைக்குப் போவதற்கு முன்னால் நான் ஈசூனுக்குப் போயிருப்பேன். விமானம் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது, நீங்கள் போயிருந்தால் அவளைப் பார்த்திருப்பீர்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அழுதால் அழட்டும். அன்றைக்குப் போல நான் தள்ளி உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் உம்மா உனக்குக் கொடுத்ததில் ஒரு துளியும் குறையாமல் அவரை உன்னிடம் அழைத்து வருகிறேன்.

உன் லாத்தா,
வாசுகி